முருங்கை நின்றது, புங்கை சாய்ந்தது

காற்று சாய்த்துவிட்டது என்று முதலில் சொன்னவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் மலையம்மாள் அந்த ஆளின் கையைப் பிடித்து இழுத்துப் போய் மூன்றாம் வீட்டு முருங்கைக்கு அடியில் நிறுத்தியிருப்பாள். நாலு காக்கா சேர்ந்து உட்கார்ந்தால் முறிகிற மரம் அது. கொப்பு ஒன்றுகூட ஒடியாமல், காயும் பூவுமாக நின்றுகொண்டிருந்தது. அதற்கு அடுத்த வீட்டில் பப்பாளி நின்றது. தெருமுனை வேம்பு நாலு சுள்ளியை உதிர்த்துவிட்டுச் சும்மா நின்றது. பதினோரு வருடம் வேர்விட்ட புங்கை மட்டும் அருள்பாண்டி வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குக் குறுக்கே சாய்ந்து, எதிரே காலிமனைச் சுவரில் தலையைப் போட்டுக் கிடந்தது.

மணி மூன்றே முக்கால். பத்து நிமிடம் அடித்த கோடைக் காற்று, பின்னாலேயே தரை நனையாத அளவுக்கு ஒரு தூறல். அவ்வளவுதான். மறுபடி வெயில் வந்துவிட்டது. ஆனையூரின் அந்தத் தெருவே வாசலுக்கு வந்து நின்று உச்சுக் கொட்டியது.

"என்னா காத்து. யாத்தே, என்னா காத்து."

"காத்தாம் காத்து" என்றாள் மலையம்மாள். "அந்தா நிக்கிது பாருங்க முருங்க. அதச் சாய்க்காத காத்து இதச் சாய்ச்சிருச்சாக்கும்? வாயில நல்லா வருது எனக்கு."

காற்று அடித்தபோது அவள் அங்கே இல்லை. தேய்த்த துணிகளைக் கொடுக்கப் பின்தெருவுக்குப் போயிருந்தாள். மரம் தெருப் பக்கம் சாய்ந்ததால் அவளுடைய தேய்ப்பு வண்டி தப்பித்தது. ஆனால் வேர் மண்ணைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதில் வண்டியின் ஒரு சக்கரம் அரையடி மேலே எழும்பி நின்றது. கங்கு கொட்டி நாலு வேட்டி கருகியிருந்தன. அவள் வேட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மரத்தை நட்டது அவள்தான். வண்டியைக் கொண்டுவந்து போட்ட வருடமே வைத்த கன்று. அது வளர்கிற வரைக்கும் நாலு கோடை அவள் வெயிலில் நின்று தேய்த்திருக்கிறாள். மேலே வெயில், கீழே கரிப்பெட்டி. ஒரு சித்திரையில் தலை சுற்றி விழுந்தபோது பெட்டி முழங்கையில் பட்டு, அந்தத் தழும்பு இன்னும் பளபளவென்று இருக்கிறது. ஐந்தாவது கோடையில் வண்டியின் பாதிக்கு நிழல் வந்தது. ஏழாவது கோடையில் வண்டி முழுக்க வந்தது. அன்றைக்கு அவள் ஒரு செம்புத் தண்ணீரை வேரில் ஊற்றிவிட்டு, வேறு யாரும் கேட்காதபடி மரத்திடம் இரண்டு வார்த்தை பேசினாள். என்ன பேசினாள் என்பது அவள் சொந்த விசயம்.

இப்போது அதன் வேர் பாதி வெளியே கிடந்தது. சாக்கடை வெட்டியபோது ஒரு பக்க வேரைப் போன வருடமே நறுக்கிவிட்டார்கள். மிச்சமிருந்ததில்தான் மரம் நின்றது, நன்றாகவும் நின்றது. அதைச் சாய்த்தது எது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் காற்று காற்று என்றார்கள். அது இன்னும் மரத்தில்தான் கட்டியிருந்தது. இருபது அடிக்குப் பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸ் பேனர்.

அருள்பாண்டியின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை காதணி விழா. தாய்மாமன் சிவக்குமார் பழங்காநத்தத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். சீர் கொண்டு வருகிற தாய்மாமனுக்குப் பேனர் இல்லையென்றால் எப்படி? வியாழக்கிழமையே கொண்டுவந்துவிட்டான். ஒரு பக்கம் சவுக்குக் கம்பு, மறு பக்கம் புங்கை. கட்டுக்கம்பியை மரத்தைச் சுற்றி ஆறு சுற்று சுற்றி முறுக்கினார்கள். நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகூப்பிக்கொண்டு சிவக்குமார். அவனைச் சுற்றி மாமன், மச்சான், பங்காளி, சித்தப்பன், பெரியப்பன் என்று நாற்பத்து மூன்று மூஞ்சிகள். காது குத்திக்கொள்ளப் போகிற பிள்ளைகள் இரண்டும் மேலே ஒரு மூலையில்.

கட்ட வந்த ஆள் தொழில் தெரிந்தவன். "அண்ணே, அங்கங்க அரைவட்டமாக் கிழிச்சு விட்டுருவோம். காத்து உள்ள பூந்து போயிரும். இல்லன்னா கட்டுன மரத்தையே இழுத்துரும்" என்றான்.

"ஆமா தம்பி, ஓட்ட போடுங்க" என்றாள் மலையம்மாளும். "இது கோட. எந்நேரம் காத்து கெளம்பும்னு சொல்ல முடியாது."

சிவக்குமார் பேனரைக் கையால் காட்டினான். "எங்க கிழிப்ப? எடம் காட்டு. மாமா மூஞ்சியக் கிழிப்பியா, மச்சான் மூஞ்சியக் கிழிப்பியா? அந்தா, அவரு மூஞ்சியில ஓட்ட விழுந்துச்சு, சபையில கால வைக்க மாட்டாரு. நடுவுல கிழிக்கணும்னா என்னயவே கிழிக்கணும்."

கட்ட வந்தவன் பேனர் முழுக்கத் தேடினான். மூஞ்சி இல்லாத ஒரு சாண் இடம் அதில் இல்லை. கடைசியாகக் கீழ் மூலையில், என்றும் அன்புடன் என்று போட்டு நாலு பொடிப் படங்கள் இருந்த இடத்தில் விரலை வைத்தான்.

"அது யாருன்னு பாருக்கா" என்று சிவக்குமார் சிரித்தான்.

மலையம்மாள் குனிந்து பார்த்தாள். பால்காரர், வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வருகிற பெண், நாலாவதாக அவள். அருள்பாண்டியின் மனைவி கனகலட்சுமி என்றைக்கோ செல்போனில் எடுத்த படம். பொட்டு பெரிதாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரேஷன் கார்டு, ஆதார் கார்டு தவிர வேறெங்கும் அவள் முகம் அச்சானதில்லை.

"கிழிக்கணும்னா ஒன்னயத்தான் கிழிக்கணும். கிழிக்கட்டுமாக்கா?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போங்க தம்பி என்று சொல்லிவிட்டு, அவர்கள் ஏறுவதற்கு ஏணியையும் பிடித்துக்கொண்டாள். விழா முடிந்த மறுநாள் காலையில், பேனரை அவிழ்த்துவிடச் சொல்லி அருள்பாண்டியிடம் கேட்டாள். இன்னும் ரெண்டு நாள் நிக்கட்டும்க்கா, மதியச் சாப்பாட்டுக்கு வராதவங்க பாக்கட்டும் என்றான். அன்று மத்தியானமே காற்று வந்து பாய்மரக் கப்பலை இழுப்பதுபோல மரத்தை இழுத்துச் சாய்த்துவிட்டது.

இப்போது அருள்பாண்டி செல்போனைக் காதிலிருந்து எடுத்தான். "மிஷின்காரருக்குச் சொல்லிட்டேன். ஒரு மணி நேரத்துல வந்து அறுத்து எடுத்துருவாரு. வண்டி வாசி போகணும்ல."

"எதுக்கு அறுக்கணும்? மரம் சாகலயே."

"ஏக்கா, விழுந்த மரத்த வச்சு என்ன பண்ண? விடுக்கா, சனியன் போச்சுன்னு. தெனமும் எலைக் குப்ப, காருல பூரா பூவு."

சொல்லியிருக்கக் கூடாது. மலையம்மாளுக்கு உச்சந்தலையில் ஏறியது.

"சனியனா? ஒங்க காரு எதுக்கடியில நின்னுச்சு இம்புட்டு நாளா? ஒங்க பிள்ளைக எதுக்கடியில பந்து வெளாண்டுச்சுக? நாலு நாளு மூஞ்சி காட்டுறதுக்கு ஒங்களுக்கு மரம் வேணும், அது கீழ சாஞ்சா சனியனா? மொட்டப் பனையில போய்க் கட்ட வேண்டியதான ஒங்க மூஞ்சிகள."

"வார்த்தைய அளந்து பேசுக்கா."

"அளக்க மாட்டேன். மிஷின் இந்த மரத்துல பட்டுச்சுன்னா நடக்கிறதே வேற."

அருள்பாண்டி தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனான். தெரு வேடிக்கை பார்த்தது. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. எல்லோர் வீட்டிலும் நாளைக்கு ஒரு விசேசம் வரும், எல்லோருக்கும் அருள்பாண்டி மொய் செய்வான். மலையம்மாளுக்கு அதுவும் தெரியும். அதனால் கோபம் இன்னும் கூடியது.

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. வெளியே கிடந்த வேர் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது. வண்டிக்கு அடியிலிருந்த கரிச்சாக்குகளை உதறி, குடத்துத் தண்ணீரில் முக்கி, வேர்மேல் போட்டாள். நாலு சாக்கு பத்தவில்லை. குறட்டை எடுத்துக் கட்டுக்கம்பியை அறுத்தாள். கம்பி பட்டைக்குள் ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்ததைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, எவனையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. பேனரை இழுத்துவந்து வேர்மேல் மூடினாள். மூஞ்சிகளெல்லாம் மண்ணைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டு, சுற்றிலும் ஈரமண்ணை அள்ளி அணைத்தாள். கடைசியாக மூடியது கீழ் மூலை. பல்லைக் காட்டிக்கொண்டிருந்த தன் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். வெக்கங்கெட்டவளே என்று சொல்லிக் கவிழ்த்து, அதன்மேல் இரண்டு கை மண் கூடவே போட்டாள்.

பிறகுதான் ஜலீல் பாய்க்குப் போன் போட்டாள். அவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர். ரோட்டில் நின்றுபோன லாரிகளைத் தூக்கி இழுக்கிற ரெக்கவரி வண்டி வைத்திருக்கிறார். அவருடைய வெள்ளைச் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பது அவள்தான்.

"பாய், மரம் சாஞ்சு கெடக்கு. ஒங்க வண்டிய வச்சு நிமித்தணும். ஒரு மணி நேரத்துல அறுக்க ஆளு வாரான்."

"ஆரப்பாளையத்துல நிக்கிறேன்க்கா. வேரு பூரா அந்துருச்சா?"

"பாதி மண்ணுக்குள்ளதான் இருக்கு."

"மண்ணு காயாமப் பாத்துக்க. இந்தா வாரேன்."

முதலில் வந்தது மிஷின்காரர்தான். மோட்டாரை இறக்கிவைத்து, எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று மரத்தைச் சுற்றி வந்தார். மலையம்மாள் அடிமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிம்மா. எனக்கு அடுத்த சோலி இருக்கு."

"சோலியப் போய்ப் பாருங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

சண்டைச் சத்தத்துக்கு சிவக்குமாரும் வந்துவிட்டான். விழாவுக்கு வந்த பாத்திரங்களை ஏற்றிப் போக வந்தவன், மரத்தைப் பார்க்கவில்லை. மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸைத்தான் பார்த்தான்.

"ஏக்கா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? பெரிய மனுசங்க மூஞ்சியெல்லாம் மண்ணுல கெடக்கு."

"ஆமா, கெடக்கு. இம்புட்டு நாளும் மரம் ஒங்களத் தாங்குச்சு, ஒரு நாளு நீங்க மரத்துக்கு நெழலாக் கெடங்க. ஒண்ணும் கொறஞ்சு போக மாட்டீக."

"காத்து அடிச்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

மலையம்மாள் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தடவ காத்துன்னு சொல்லு. ஒரே ஒரு தடவ சொல்லு."

தெரு முனையில் ஜலீல் பாயின் வண்டி ஆரன் அடித்தது.

பாய் இறங்கி வந்து ஃப்ளெக்ஸைத் தூக்கி, சாக்கை விலக்கி வேரைப் பார்த்தார். மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து சுவரில் சாய்ந்து கிடந்த தழையைப் பார்த்தார், நிறைய நேரம் பார்த்தார்.

"நிமித்திரலாம்க்கா. கஜா புயலுக்கு அங்கிட்டுப் போயி நாப்பது மரம் நிமித்துனேன். ஆனா ஒண்ணு." அவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "தலைய எடுக்கணும்."

"எம்புட்டு?"

"பூராவும். கவட்டைக்கு மேல ஒரு எல இருக்கக் கூடாது. பாதி வேருதான் இருக்கு. அம்புட்டுத் தழைக்கும் அதால தண்ணி குடுக்க முடியாது. மொத நிமித்துன இருபது மரத்த அப்பிடியே தழையோட நிக்க வச்சேன். பாவம் பாத்து. ஒண்ணுகூடப் பொழைக்கல."

"மறுக்கா நெழலு எப்ப வரும்?"

"பொழச்சுச்சுன்னா, மூணு வருசம். நாலும் ஆகும். இன்ஷா அல்லா."

கேட்டுக்கொண்டிருந்த அருள்பாண்டி வாசலிலிருந்து சொன்னான். "அப்பறம் எதுக்குக்கா இம்புட்டு ரகள? நெழலே வராத மொட்டக் கட்டைய நிக்க வச்சு என்ன பண்ணப் போற? அறுத்துட்டு ஒரு குடைய நட்டுக்க. நானே வாங்கித் தாரேன்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மூன்று கோடை, நாலு கோடை. நாற்பத்தொன்பது வயதில் மறுபடி வெயிலில், மறுபடி கரிப்பெட்டியோடு. முழங்கைத் தழும்பை அவளையறியாமல் தடவிக்கொண்டாள்.

"பாய், எங்கன வெட்டணும்?"

"நீயே காட்டுக்கா. ஒன் மரம்."

அவள் வண்டிச் சக்கரத்தில் கால்வைத்து ஏறி, அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, மூன்று கொப்பும் பிரிகிற கவட்டைக்குப் போனாள். ஒவ்வொரு கொப்பிலும் ஒரு முழம் விட்டு உள்ளங்கையை வைத்தாள். கையை எடுத்ததும் அந்த இடத்தில் பாய் கரியால் கோடு போட்டார். அவள் இறங்கி வந்து மிஷின்காரரைப் பார்த்தாள்.

"இப்ப அறுங்க. கோட்டத் தாண்டி ஒரு விரக்கட கீழ எறங்குச்சு, ஒங்க மிஷின் ஒங்ககிட்ட இருக்காது."

மோட்டார் ஓடியது. முதல் கொப்பு விழுந்தபோது தெருவில் வெயில் ஒரு கோரைப்பாய் அளவுக்கு விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதும் விழுந்த பிறகு அந்த இடத்தில் நிழல் என்று எதுவும் இல்லை. மலையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். வேடிக்கை பார்த்த பெண்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. அழுகிற நேரத்தில் ஆளுக்கு ஒரு கொப்பை இழுத்துப் போடலாம். அதை வாய்விட்டும் சொன்னாள். இழுத்துப் போட்டார்கள்.

பாயின் வண்டி தூக்கி இழுக்க, இருட்டுவதற்குள் மரம் நின்றுவிட்டது. மரம் என்று சொல்வதற்கில்லை. ஆள் உயரத்துக்கு மேலே மூன்று கை வெட்டுப்பட்ட மாதிரி ஒரு கட்டை. கயிறு பட்டையை அறுக்காமலிருக்கப் பழைய டயர்த் துண்டுகளை வைத்து, மூன்று பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். வெட்டுவாயில் சாணி அப்பினாள். குழியில் மண்ணை மிதித்து, எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் வண்டியை அதே இடத்தில் போட்டாள். கத்திரி வெயில். ஒன்பது மணிக்கே தகரக் கூரைக்கடியில் நிற்பதுபோல் கொதித்தது. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தேய்த்தாள். வியர்வை துணியில் சொட்டாமலிருக்க ஒவ்வொரு மடிப்புக்கும் முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் கனகலட்சுமி பெரிய குடை ஒன்றைக் கொண்டுவந்தாள். அருள்பாண்டி வாங்கிவரச் சொன்னது.

"கொண்டு போயிரு தாயி."

"வெயிலுக்குத்தான்க்கா. காத்து அடிச்சதுக்கு எங்க மேல கோவிச்சா எப்பிடி?"

"கொண்டு போயிருன்னு சொன்னேன்."

ஐந்தாம் நாள் துணிமூட்டையோடு வந்தாள். அவர்கள் வீட்டுத் துணிதான் தெருவிலேயே அதிகம். மலையம்மாள் கையால் தொடவில்லை. "எது சாய்ச்சதுன்னு இந்தத் தெரு கேக்கச் சொல்லு. சொல்லிட்டு மூட்டைய வையி. இல்லன்னா ஒங்க வீட்டுத் துணி இந்த வண்டிக்கு வேணாம்." கனகலட்சுமி முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள். வீட்டுக்குள் புருசன் பொண்டாட்டி சண்டை போடுகிற சத்தம் அன்று மத்தியானம் தெருவரைக்கும் கேட்டது.

ஜலீல் பாய் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே பச்சை இருந்தது. துளிர் இல்லை.

பன்னிரண்டாம் நாள் கனகலட்சுமி மறுபடி வந்தாள். மூட்டை இடுப்பில் இருந்தது. காலை எட்டரை மணி, தண்ணீர் லாரி வந்து தெருப் பெண்களெல்லாம் குடத்தோடு நின்ற நேரம். வேண்டுமென்றே அந்த நேரமாகப் பார்த்துத்தான் வந்திருந்தாள். சத்தமாகவே சொன்னாள்.

"எங்க வீட்டு பேனருதான்க்கா மரத்தச் சாய்ச்சது. ஓட்ட போட விடாதது என் தம்பி. அவுக்கச் சொல்லியும் அவுக்காம விட்டது என் வீட்டுக்காரரு. பாத்துக்கிட்டுச் சும்மா நின்னது நானு. போதுமாக்கா?"

லாரிப் பக்கம் நின்றவர்கள் குடத்தோடு திரும்பினார்கள். பன்னிரண்டு நாளாக மலையம்மாள் இதைத்தான் கேட்டாள். இது வந்தால் என்னென்ன திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு சட்டையைத் தேய்க்கும்போதும் அடுக்கி வைத்திருந்தாள். அவ்வளவும் சூடான வார்த்தைகள். வாயைத் திறந்தபோது அதில் ஒன்றும் வரவில்லை.

"ஏணியப் பிடிச்சது நானு" என்றாள்.

"என்னக்கா?"

"பேனரு கட்டுனப்ப ஏணியப் பிடிச்சது நாந்தான். ஓட்ட போடு, ஓட்ட போடுன்னு கத்திக்கிட்டே இருந்திருந்தா போட்டுருப்பாங்க. என் மூஞ்சியக் காட்டுனாங்க, வாய மூடிட்டேன். பல்லக் காட்டிக்கிட்டு ஏணியப் பிடிச்சேன். ஊரு பூராத்தையும் வஞ்சேன், இத மட்டும் ஒருத்தருகிட்டயும் சொல்லல."

கனகலட்சுமி மூட்டையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. ஒதுங்கி நிற்க அவளுக்கும் இடமில்லை, மலையம்மாளுக்கும் இடமில்லை.

"முந்தானயத் தலையில போடு தாயி. வெயிலு மண்டையப் பொளக்குது" என்றாள் மலையம்மாள். கையை நீட்டி மூட்டையை வாங்கி வண்டியில் வைத்தாள்.

"எத்தன உருப்படி?"

"பதினெட்டு இருக்கும்க்கா."

"நாளைக்குச் சாயந்தரம் வந்து வாங்கிக்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து கங்கை ஊதினாள்.